செண்பகவல்லி வீட்டு முறை

இன்றைக்கு ஏசி போடும் முறை செண்பகவல்லி வீட்டுக்கு. தெருவில் நாளொன்றுக்கு ஒரே ஒரு வீட்டுக்குத்தான் ஏசி ஓடும் அளவுக்குக் கரண்டு வரும். அளவு தாண்டினால் மீட்டர் கத்தும். அப்போதும் குறைக்காவிட்டால் முறை அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

மத்தியானத்துக்குள் தெருவே பாயும் தலையணையுமாக வந்து நிறைந்துவிட்டது. "யக்கா, ஊட்டி தோத்துச்சு போங்க!" என்று ஒரே கூத்து. வேர்க்குருவால் ஒரு வாரமாகத் தூங்காத எதிர்வீட்டு ஜீனத்தின் கைக்குழந்தை அப்போதுதான் கண் அயர்ந்தது.

மீட்டர் கத்தியது.

"எவட்டி மிக்ஸியப் போட்டது?" என்று சீறினாள் செண்பகவல்லி.

"ஆளு கூடிப்போச்சு, ஏசி திணறுது. பாதிப் பேரு வெளிய போங்க" என்றான் அவள் புருஷன் எசக்கிமுத்து.

ஜீனத் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஏட்டி, நீ உக்காரு!" செண்பகவல்லி அடுக்களைக்கு ஓடி ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். மீட்டர் அடங்கியது.

"அடிப்பாவி, விக்கதுக்கு ஆட்டுன மாவு அம்புட்டும் புளிச்சுப் போவுமே!" என்று தலையில் கைவைத்தான் எசக்கிமுத்து.

"போவட்டும். இங்க குளுந்து கெடக்க அத்தன பேரும் நாளைக்கு எங்கிட்டதான் மாவு வாங்கணும். புளிக்குன்னு எவளாச்சும் வாயத் தொறந்தா இருக்கு சேதி!"

வீடே சிரித்துக் குலுங்கியது. அந்தச் சத்தத்திலும் குழந்தை முழிக்கவில்லை.