ஏழாவது வால்வு

பள்ளிவாசல் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு, உடைத்த போர்க்கப்பலின் பாய்லரும் அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியே விடும் உதிரி வால்வுகள் ஆறு கொண்ட பெட்டியும் வந்திருந்தன. ஃபிட்டர் கொம்பையா ஒன்றை எடுத்து மாட்டினால், மறுநாளே பெட்டியில் மறுபடியும் ஆறு இருக்கும். புதிதாக வந்தது உப்புப் பூத்து, ஓடுகிற எஞ்சினிலிருந்து அப்போதுதான் கழற்றியதுபோலச் சுடும். கப்பலை உடைத்து எட்டு வருஷமாகிறது.

ஆயுத பூஜையன்று பாய்லரில் மாட்டியிருந்த வால்வுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தான். மறுநாள் பாய்லரை மூட்டிய பிறகு பெட்டியைத் திறந்தான். அவன் எதையும் எடுத்திருக்கவில்லை. ஆனாலும் ஏழு இருந்தன. ஏழாவதில் உப்பு இல்லை. சந்தனமும் குங்குமமும் இருந்தன.

பாய்லருக்கு விறகு தள்ளும் இருளப்பன் உள்ளேயிருந்து கத்தினான்: "அண்ணே, பிரஷர் முள்ளு ஏறிக்கிட்டே போவுது, எறங்க மாட்டேங்குது! சீக்கிரம் வாங்கண்ணே!"

கொம்பையாவின் கையிலிருந்த வால்வு மேலும் மேலும் சூடேறியது.