கர்னல் உள்ளே வந்தபோது

"ஆபீசர் வந்தா இந்தத் தடவயாவது எந்திரிக்காதீங்க" என்றாள் மனைவி ஸ்டெல்லா. "போன தரம் நீங்க வெறப்பா நின்னதப் பாத்துத்தான காலுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாவ."

ஓய்வுபெற்ற ஹவில்தார் ஞானசிகாமணி தலையாட்டினார். பனிமலையில் நொறுங்கிய முட்டிக்காக ஊன ஓய்வூதியம் கேட்டு, மேல்முறையீடு மேல்முறையீடாக அலைந்து அவருக்கும் அலுத்துவிட்டது. மருத்துவக் குழுவின் அறையில், கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். ஸ்டெல்லா அவர் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள்.

கர்னல் டாக்டர் உள்ளே வந்தார்.

கைத்தடி தரையில் விழுந்த சத்தத்தில்தான், தான் எழுந்துவிட்டது ஞானசிகாமணிக்கே தெரிந்தது. கை நெற்றியில் இருந்தது.

"உட்காருங்க" என்றார் டாக்டர், குனிந்து எழுதத் தொடங்கியபடியே.

முட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. மடக்க முடியவில்லை.

"பரவாயில்ல சார்" என்றார் ஞானசிகாமணி. "நிக்கிறேன்."