ஆம்பிளைக் காய்ச்சல்

“ஏலே மக்கா, வாயத் தொற.”

ஞானபாய் ஸ்பூனை நீட்டினாள். செல்வதாஸ் போர்வையைக் கழுத்துவரை இழுத்து, உதட்டை இறுக்கிக்கொண்டான். மார்த்தாண்டத்தில் டைல்ஸ் கடை நடத்துகிற நாற்பத்திரண்டு வயது மனிதன், அக்காவின் ஸ்பூனுக்குப் பயந்து கிடப்பது பார்க்க அவ்வளவு அழகாக இல்லைதான்.

“பொறவு குடிக்கேன் அக்கா. அங்கோட்டு வச்சிரு.”

“பொறவா? வெளுப்பான் காலத்த அறுத்த நாட்டுக்கோழி. நல்லமிளகும் பூடும் மஞ்சளும் அம்மியில அரச்சு, கருங்கல்ல இருந்து பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டு வந்த சூப்பு. இதுக்க மணத்துக்கே வைரஸ் ஓடீரும் கேட்டியா.”

நேற்றுச் சாயங்காலம் போனில் செல்வதாஸ் ஒரே ஒரு முனகல்தான் முனகினான். “வைரல் காய்ச்சலாம் அக்கா. நல்ல ஆகாரமும் ரெஸ்டும் வேணும்னு டாக்டர் சொல்லியாச்சு.” அவ்வளவுதான். இன்று பத்து மணிக்குள் அக்கா கருங்கலில் இருந்தும், தங்கை ஜெப்சி தக்கலையில் இருந்தும் வந்து இறங்கிவிட்டார்கள்.

ஜெப்சியின் கணவன் துபாயில். அவள் பையைத் திறந்து டப்பாக்களை வரிசையாக அடுக்கினாள். “சூப்பெல்லாம் பழைய கத அக்கா. இது வைட்டமின் சி, இது சிங்க். அண்ணனுக்கு எதிர்ப்பு சக்தி வரணும்னா இதுதான்.”

“சிங்கா? கூரையில போடுக ஷீட்டு இல்லியாட்டி அது? எனக்க தம்பிய என்னன்னு நெனச்ச, மாட்டுத் தொழுவமா?”

இருவரும் மல்லுக்கு நிற்க, மேசையில் சூப்புக்குப் பக்கத்தில் அவித்த ஏத்தம்பழமும் நாலு கரிக்கு இளநீரும் இடம் பிடித்தன. சண்டை அவர்களோடு போகட்டும் என்று விட்டுவிட்டு, ஃபிளாஸ்க்கில் இன்னும் எத்தனை டம்ளர் சூப்பு தேறும் என்று போர்வை ஓரமாக ஒரு கண்ணால் அளந்துகொண்டிருந்தான் செல்வதாஸ்.

ஞானபாய் அவன் நெற்றியைத் தொட்டாள். “சூடே இல்லியே லே!”

“இப்பதான் மாத்திர போட்டாச்சு.”

கதவில் சாய்ந்து நின்ற மனைவி ரீத்தாவின் பக்கம் திரும்பியது அடுத்த சூறாவளி. “கட்டினவன் கெடக்கான், இவ தூணு மாதிரி நிக்கா. ஒரு கஞ்சி வச்சுக் குடுத்தியாட்டி?”

“மைனிக்க மொகத்தப் பாரு அக்கா. அண்ணன நெனச்சு கவலையில வாடிப் போச்சு” என்றாள் ஜெப்சி.

“கவலப்பட்டா காய்ச்சல் போவுமா? போன மழைக்கு இவளுக்கு வந்தப்ப நான் போன்ல என்ன சொன்னேன்? எழும்பி நடமாடு, தானே போவும்னு சொன்னேன். போச்சா இல்லியா? ஆம்பிளைக்கு அப்பிடி இல்ல. ஆம்பிளக் காய்ச்சல் ஆள உருக்கிரும்.”

ரீத்தா சேலையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். ஞானபாய் டம்ளரில் சூப்பை ஊற்றிக்கொண்டு மறுபடி கட்டிலுக்கு வந்தாள்.

“எனக்க கண்ணு முன்னால குடி. இல்லைன்னா ஆட்டோ புடிச்சு ஒன்ன கருங்கலுக்குக் கொண்டு போறேன். நாலு நாள் எனக்க வீட்டுல கெட.”

செல்வதாசுக்கு நிஜமாகவே வியர்த்தது. கருங்கலுக்குப் போனால் எல்லாம் பாழ். அக்கா சொன்னால் செய்கிறவள். ஆட்டோக்காரன் நம்பரும் அவள் போனில் இருந்தது. அவன் டம்ளரை வாங்கி ஒரே ஒரு மடக்கு விழுங்கி, கண்ணில் நீர் வர இருமினான்.

“எரிப்பு கூடுதலு அக்கா. நாளைக்கு நல்லமிளகு கொறச்சுப் போடுவியா?”

“ஒனக்கா? காந்தாரி மொளகாயக் கடிச்சுட்டுக் கஞ்சி குடிக்கவனுக்கா எரிப்பு?”

“காய்ச்சல்னா அப்பிடித்தானே?”

ஞானபாயின் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, “எனக்க பிள்ளைக்கு நாக்கும் செத்துப் போச்சே. சரி, பைய குடி. நாளைக்கு ஆட்டுக்கால் வாங்கி, எரிப்பு இல்லாம வச்சுக் கொண்டு வாறேன்” என்றாள். செல்வதாசுக்கு ஒரு நிமிஷம் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாசத்தில் கலப்படம் கிடையாது.

புறப்படும் முன் தம்பியின் தலையில் கை வைத்து ஜெபித்தாள். “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்க சரீரத்த...” என்று அவள் தொடங்கியபோது செல்வதாஸ் நெளிந்தான். “இந்த வீட்டுல உள்ள காய்ச்சல எடுத்துப் போடும்” என்று முடித்தபோது மட்டும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஆமென் சொன்னான்.

அக்காளும் தங்கையும் சிங்க் பற்றிப் பேசிக்கொண்டே படி இறங்கினார்கள். கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

செல்வதாஸ் போர்வையை உதறிவிட்டு ஒரே துள்ளலில் எழுந்தான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் இருவரையும் ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. திரும்பி வந்து விரிப்பைத் தட்டிப் போட்டு, தலையணைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஃபிளாஸ்க்கில் இருந்து ஒரு டம்ளர் சூப்பை ஊற்றி ஆற்றினான்.

“நீங்க பெரிய கள்ளன்” என்றாள் ரீத்தா, கதவைப் பிடித்தபடியே.

“வந்து படுட்டி. காய்ச்சல் ஒனக்குன்னு சொல்லியிருந்தா, இந்தக் கோழி பஸ் ஏறியிருக்குமா?”