உள்ளேதான் இருக்கான்

"பொய் சொல்லாதம்மா. எல்லாருமா சேர்ந்து ஒளிச்சு வெச்சிருக்கீங்க. அவன் உள்ளேதான் இருக்கான்."

கட்டட மேஸ்திரி, பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் துறையின் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெரிய திரையில், அந்த நேரத்தில் உள்ளே வேலை செய்கிறவர்களின் பெயர்கள் தெரிந்தன. அவர் மகன் பெயரும் இருந்தது.

அவர் கைநீட்டிய அன்று கோபித்துக்கொண்டு விடுதிக்குப் போனவன், ஒரு வருஷமாகப் போனைக்கூட எடுப்பதில்லை. மேஸ்திரியும் லேசுப்பட்டவரில்லை. மாதாமாதம் வந்து பெயரை மட்டும் பார்த்துவிட்டு, வீம்பாகத் திரும்பிவிடுவார். இன்று அந்த வீம்பு செத்துவிட்டது.

"அடிச்சது தப்புதான்னு சொல்லு. ஒரு தடவை வெளியே வந்து முகத்தைக் காட்டச் சொல்லும்மா."

அவர் எதிரே நின்ற ஆராய்ச்சி மாணவி சங்கடத்தோடு நெளிந்தாள்.

"ஐயா, திரையில அவன் பேர்ல தெரியறது நாங்கதான். அவன் கம்ப்யூட்டர் அக்கவுண்ட்ல ஃபைல் வைக்க இடம் அதிகம். அவன் பாஸ்வேர்டைப் போட்டு நாங்கதான் மாத்தி மாத்தி வேலை பாக்கறோம்."

"களவாணிப் பசங்களா! அப்ப அவன் எங்கே?"

அவள் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

"என்னய்யா கேக்கறீங்க? 'அப்பாவைப் பாக்காம இருக்க முடியல'ன்னு, போன வருஷமே படிப்பை விட்டுட்டு உங்க வீட்டுக்குத்தானே கிளம்பிப் போனான்?"