ஜன்னல் வரைக்கும் தண்ணி

“வெள்ளத்தால வர முடியாதவங்க, வீட்டுல தண்ணி எதுவரைக்கும் நிக்குதுன்னு போட்டோ எடுத்து, விலாசத்தோட அனுப்பணும். உடனே!”

மேனேஜர் வாட்ஸ்அப்பில் போட்டதைப் படித்ததும் ஸ்டோர் கீப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாத்தியாடி இந்தச் சல்லடையை! ஊரே மிதக்குது, இந்தாளுக்கு அத்தாட்சி வேணுமாம். மனுஷனா இவன்?”

சல்லடை என்பது கம்பெனியில் மேனேஜருக்கு வைத்த பெயர். ஓர் ஆணி குறைந்தாலும் நாலு தடவை சலித்துப் பார்க்கிற ஆசாமி.

மனைவி வாசலை எட்டிப் பார்த்தாள்.

“ஊர் மிதக்கட்டும். நம்ம தெருவுல கணுக்கால் தண்ணிதானே? நடந்தே போகலாமே.”

“நீ சும்மா இரு. ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்கிறேன்.”

போனைத் துழாவினார். போன வருஷ வெள்ளத்தில் எடுத்த படம் அகப்பட்டது. இதே வீடுதான், ஜன்னல் பாதி முங்கி, நாற்காலி மிதக்கிறது. தட்டிவிட்டார்.

“பொய் சொல்ல கூச்சமா இல்ல?”

“பொய்யா? படம் நெசம்டி. தேதி மட்டும்தான் கொஞ்சம் பழசு.”

அடுத்த நிமிஷமே பதில் வந்தது: ‘அங்கேயே இருங்க.’

“பாரு, லீவு குடுத்துட்டான்!” என்று போர்த்திக்கொண்டு படுத்தவர்தான். மத்தியானம் மனைவி உலுக்கி எழுப்பினாள்.

“ஏங்க, எந்திரிங்க! உங்க மேனேஜர் வாசல்ல நிக்கறாரு. படகோட!”

நிஜம்தான். மார்வரைக்கும் சேறு, கையில் கயிறு. பின்னால் ஒரு ரப்பர் படகு, கணுக்கால் தண்ணீரில் தரையைத் தேய்த்துக்கொண்டு, அடம்பிடிக்கிற மாடு மாதிரி நின்றது.

ஸ்டோர் கீப்பர் போர்வையை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினார்.

“சார்... அது வந்து... தண்ணி...”

“வடிஞ்சிருச்சா? அப்பாடா, வயித்துல பாலை வார்த்தீங்க!” மேனேஜர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “வீட்டுல எல்லாரும் பத்திரமா?”

“பத்திரம் சார். உள்ள வாங்க, தலையாவது துவட்டிக்கோங்க.”

“நேரமில்லப்பா. அலைஞ்சு திரிஞ்சும் ஒரே ஒரு படகுதான் கிடைச்சுது. முதல்ல யார் வீட்டுக்குப் போறதுன்னு தெரியத்தான் போட்டோ கேட்டேன். உங்க வீட்டுலதான் தண்ணி ஜாஸ்தியா இருந்துச்சு.”

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

“அடுத்து எங்க சார்?” ஸ்டோர் கீப்பர் படியிறங்கிப் படகைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

“எங்க வீட்டுக்குத்தான். பொண்டாட்டி புள்ளைங்க மூணு மணி நேரமா மொட்டை மாடியில நனைஞ்சுக்கிட்டு நிக்கறாங்க.”