முதல் பக்கமும் ஒரு ஸ்வெட்டரும்

வியர்த்துக் கொட்டும் திருவனந்தபுரத்தில், மத்தியான இடைவேளை தோறும் ஜெயலக்ஷ்மி ஸ்வெட்டர் பின்னுவதை ஆபீசே வேடிக்கை பார்த்தது.

"இந்தச் சூட்டுல யாருக்கு சேச்சி இது?" என்றாள் பக்கத்து மேஜை ஆஷா.

"ரொம்ப வேண்டியவர் ஒருத்தருக்கு."

அன்றுதான் அந்த அறிக்கை டில்லிக்குப் போயிருந்தது. இமயமலையில் ராணுவத்துக்காகப் போடப்போகும் ரயில் பாதையின் சுரங்கங்களைப் பற்றி அவள் எட்டு மாதம் உழைத்து எழுதியது. முதல் பக்கத்தில் மட்டும் 'தயாரித்தவர்: ஸ்ரீகண்டன்' என்று இருந்தது. மேலதிகாரி அவள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்வது இது மூன்றாவது முறை.

"சண்டை போடுங்க சேச்சி!"

"சாரமில்லை ஆஷா, போகட்டும்" என்று அடுத்த வரிசையைப் பின்னினாள். ஊசியைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

ஒரு மாதம் கழித்து ஸ்ரீகண்டன் கையில் உத்தரவோடு ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஜெயலக்ஷ்மி! பதினோராயிரம் அடி உயரத்துல அஞ்சு வருஷம் என்னைப் போட்டிருக்கா! அறிக்கை தயாரிச்சவர் வேலை முடியறவரைக்கும் அங்கேயே தங்கணும்னு கடைசிப் பக்கத்துல நிபந்தனையாம். என் கையெழுத்தும் இருக்காம். அதை யார் எழுதினது?"

"நீங்கதானே சார் எழுதினேள்? உங்க பேர்தானே இருக்கு!"

அந்தக் கடைசிப் பக்கத்தை டைப் செய்து முடித்த அன்றுதான் அவள் கம்பளி நூல் வாங்கினாள். இழுப்பறையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள்.

"உங்க அளவுதான் சார். போட்டுப் பாருங்கோ."