ரோஸ் கலர் அரிசிப் பை

செம்மொழியின் செல்போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தது. ‘சித்தீக் சார்’ என்று திரையில் பார்த்ததும், தோசைக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவன் நெடுமாறன், தோசையைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான்.

“அவருகிட்ட இன்னும் சொல்லலை சார். சொன்னா என்ன ஆகும்னு பயமா இருக்கு. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு நான் அங்க இருப்பேன்.”

கொல்லையில் பேசியது கூடம்வரை தெளிவாகக் கேட்டது. அவள் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த தோசையை வார்த்தாள். அவன் பாதித் தோசையோடு கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

செம்மொழிக்குத் திருக்காட்டுப்பள்ளி அரிசி மில் ஒன்றில் விற்பனைப் பிரிவில் வேலை. இந்த அக்டோபர் மாதம் மட்டும் அந்த மில்லில் ஐந்து கிலோ அரிசியை ரோஸ் கலர் பையில் போட்டு விற்கிறார்கள். பைக்குப் பத்து ரூபாய், மார்பகப் புற்றுநோய் அறக்கட்டளை ஒன்றுக்குப் போகும். அறக்கட்டளை சார்பில் மில்லுக்கு வந்துபோகிற ஆள்தான் சித்தீக்.

அவன் வந்த நாளிலிருந்து வீட்டில் அவன் பேச்சுதான். “சித்தீக் சார் எவ்வளவு பொறுமையா எடுத்துச் சொல்றாரு தெரியுமாங்க? கேட்டுக்கிட்டே இருக்கலாம்.”

நெடுமாறன் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். லாரிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பழகிப்போன தன் குரல், அன்றைக்குத்தான் அவனுக்கே பிடிக்காமல் போனது.

மில் வாசலில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். செம்மொழியும் சித்தீக்கும் ஆளுக்கொரு பக்கம் பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். கல்யாண போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. அதற்குப் பிறகு அவன் அந்தத் தெருவழியாகப் போவதையே விட்டுவிட்டான்.

வியாழக்கிழமை துணி துவைக்கும்போது அவள் கேட்டாள். “இது என்னங்க, பனியன்ல மறுபடியும் கறை?”

“மூட்டையை நெஞ்சோட அணைச்சுத் தூக்குறவன் பனியன் வேற எப்படி இருக்கும்? உன் சித்தீக் சார் மாதிரி பேசியே சம்பாதிக்கிற உடம்பா இது?”

அவள் அந்தப் பனியனை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை கத்தரிப்பூ நிறப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். அவன் வாங்கிக் கொடுத்து ஒரு வருஷமாகப் பெட்டியில் கிடந்த புடவை.

“தஞ்சாவூர்ல அறக்கட்டளை முகாமுங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற கல்யாண மண்டபம். பத்து மணிக்கு.”

“பொம்பளைங்க முகாமுக்கு அவன் எதுக்கு?”

“அவரு இல்லாம எப்படிங்க?” என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

நெடுமாறன் அன்று வேலைக்குப் போகவில்லை. அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்தான். வெண்ணாற்றுப் பாலத்தில் பஸ் கண்ணுக்கு மறைந்தபோது வண்டியை இன்னும் முறுக்கினான்.

மண்டப வாசலில் ரோஸ் கலர் பைகள் அடுக்கியிருந்தன. வரிசையில் நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். மூலையில் தடுப்புக்குப் பின்னால் இரண்டு நாற்காலி. செம்மொழி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சித்தீக் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நீட்டினான்.

அவ்வளவுதான். நெடுமாறன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

“எத்தனை நாளாடா நடக்குது இது?”

பொத்தான்கள் தெறித்தன. சட்டை விலகியது. இடது மார்பு இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. அக்குள் வரைக்கும் நீளமான தழும்பு ஓடியது.

நெடுமாறனின் பிடி தானாகத் தளர்ந்தது.

சித்தீக் கோபப்படவில்லை. சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். “ஆபரேஷன் ஆகி ஆறு வருஷம் ஆச்சுங்க. எனக்கும் மார்புல புற்றுநோய்தான். ஆம்பளைக்கும் வரும்னு தெரியாமலேயே ஒரு வருஷம் கட்டியை வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.”

நெடுமாறனின் கை மெதுவாகத் தன் பனியனில் கறை படிகிற இடத்தில் போய் நின்றது. காம்புக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கெட்டியான கட்டி. நாலு மாதமாக அவன் யாரிடமும் சொல்லாதது.

“நெடுமாறன்! நெடுமாறன் யாருங்க? டாக்டர் கூப்பிடுறாங்க” என்று நர்ஸ் டோக்கனோடு எட்டிப் பார்த்தாள்.

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “என் பேரை யாரு கொடுத்தது?”

“நான்தாங்க. பனியன் கறையைச் சொன்னதும் சித்தீக் சார்தான் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. காலையில வந்ததுமே பதிஞ்சிட்டேன்.”

“நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

செம்மொழி அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரின்னு கூப்பிட்டா வரமாட்டீங்க, சந்தேகப்பட்டா ஓடி வருவீங்கல்ல?”